வீட்டில் செய்த ஃபின் ஸ்ட்ராப்: நாலு வகை செய்தேன், தேறியது ஒன்றரை

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவசரத்தில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் போகட்டும். ஸ்கூபா ஃபின்னுக்கு (நீந்தக் காலில் மாட்டும் துடுப்புச் செருப்பு) வீட்டிலேயே ஸ்ட்ராப், அதாவது குதிகால் வார், செய்ய நினைத்தால் 8 மி.மீ. பஞ்சி கயிற்றை (உள்ளே ரப்பர் இழை, மேலே துணி உறை போட்ட எலாஸ்டிக் கயிறு) இரட்டையாகப் போட்டுச் செய்யுங்கள். பழைய சைக்கிள் டியூபில் ஒரு ஜோடி செய்து அவசரத்துக்குப் பையில் போட்டு வையுங்கள். லேடக்ஸ் குழாய் பக்கமே போகாதீர்கள். ஸ்பிரிங் ஸ்ட்ராப் பட்டறையில் கொடுத்துச் செய்வதாக இருந்தால், கீழே இருக்கும் என் புலம்பலைப் படித்துவிட்டுக் கொடுங்கள்.

இனி கதை.

மார்ச் மாதம், புதுச்சேரி. படகு போய் நின்றாகிவிட்டது, சிலிண்டர் மாட்டியாகிவிட்டது, மாஸ்க்கில் துப்பித் துடைத்தாகிவிட்டது, கடைசியாக ஃபின்னை மாட்டலாம் என்று இடது ஸ்ட்ராப்பை இழுத்தேன், 'பட்' என்று கையோடு வந்துவிட்டது. படகில் ஸ்பேர் கிடையாது. வாடகை ஃபின் கேட்டால் என் பூட்டி (ஃபின்னுக்குள் போடும் ரப்பர் காலணி) உள்ளே நுழையாத ஒரு சைஸைக் காட்டினார்கள். கடைசியில் உதவிக்கு வந்த பையன் ஒருவன், "அண்ணா, காலைக் காட்டுங்க" என்று சொல்லி மூன்று கேபிள் டையைச் சங்கிலி மாதிரி கோர்த்துக் கட்டிவிட்டான். இறங்கினேன். குதிகால் முழுக்க வெட்டுக்காயம். மேலே வந்ததும் அந்த டையை அறுக்க ஒரு கத்திரிக்கோல் தேடியது தனிக் கதை. காசு மட்டும் முழுசாக வாங்கிக்கொண்டார்கள், அது வேறு எரிச்சல்.

வீட்டுக்கு வந்து அறுந்த ஸ்ட்ராப்பை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தால், குதிகால் படும் இடம் புதுசு மாதிரி இருக்கிறது. பக்கிளுக்குள் மடங்கித் திரும்பும் இடத்தில்தான் குறுக்குக் குறுக்காக வெடிப்பு, வறண்ட ஏரி மண் மாதிரி. பிறகு புரிந்தது: ரப்பர் சும்மா கிடக்கும்போது காற்றில் உள்ள ஓசோன் அதைப் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை, இழுபட்டோ மடங்கியோ இருக்கும் இடத்தில்தான் கடித்து வைக்கிறது, அதுவும் இழுவிசைக்குக் குறுக்காக. நானோ வருஷக்கணக்காக ஸ்ட்ராப்பை இறுக்கியபடியே ஃபின்னை மொட்டைமாடி அறையில் சாத்தி வைத்திருந்தேன். வெயில் வேறு. பழி என்மேல்தான்.

என் ஃபின் பழைய பாணி கனத்த ரப்பர் ஃபின், பூட்டி போட்டு மாட்டுகிற திறந்த குதிகால் வகை. (முழுக்கால் ஃபின் போடுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை, அவர்கள் இதோடு போய் டீ குடிக்கலாம்.) இருபக்கமும் ரப்பரிலேயே தடித்த காது மாதிரி ஒன்று, அதில் ஒரு துளை, அந்தத் துளையில்தான் பக்கிளின் கம்பி மாட்டியிருக்கும். கம்பெனி ஸ்ட்ராப் ஒரு ஜோடி கூரியரோடு 1,600 ரூபாய் என்றார்கள், வர மூன்று வாரம் ஆகும் என்றார்கள். ரெடிமேட் ஸ்பிரிங் ஸ்ட்ராப் கிட்டத்தட்ட 5,000. ஒரு ரப்பர் பட்டைக்கா என்று வீம்பு வந்துவிட்டது. வீம்பு வந்தால் செலவு இன்னும் கூடும் என்பது அப்போது தெரியாது.

முதலில் சைக்கிள் டியூப். தெரு முனை பஞ்சர் கடை அண்ணனிடம் போய் பழைய டியூப் கேட்டேன். "எதுக்கு சார், பையனுக்கு உண்டிகோல் செய்யவா?" என்றார். கடலுக்கடியில் நீந்தப் போகிற செருப்புக்கு வார் என்று விளக்கினேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு இரண்டு டியூபைச் சும்மாவே கொடுத்தார். நான் வற்புறுத்தி 20 ரூபாய் கொடுத்தேன்.

இதில் எல்லோரும் செய்கிற தப்பை நானும் செய்தேன். டியூபை விரித்து, கத்திரிக்கோலால் நீளவாக்கில் பட்டையாக வெட்டினேன். கத்திரிக்கோல் போகும் வழியெல்லாம் ஓரத்தில் சின்னச் சின்னப் பிசிறு விழும். ரப்பருக்கு அந்தப் பிசிறு போதும், இழுக்க இழுக்க அங்கிருந்தே கிழியும். சின்ன வயதில் உண்டிகோல் செய்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும், நான் மறந்திருந்தேன். இரண்டாவது தடவை டியூபை விரிக்கவே இல்லை. குழாயாக இருக்கிறதை அப்படியே ஒரு முழம் வெட்டி எடுத்துத் தட்டையாக அமுக்கினேன், நீளவாக்கில் வெட்டு ஓரமே கிடையாது, தடிமனும் இரட்டை. இரு முனைகளையும் காதில் மாட்டிய ஷாக்கிளுக்குள் (திருகாணி போட்டு மூடும் U வடிவ உலோக வளையம்) விட்டு மடித்து, மடிப்பின் மேல் நைலான் நூலால் இறுக்கிச் சுற்றி, அந்த நூலின் மேல் டியூபின் மெல்லிய கீற்று ஒன்றை இழுத்து இழுத்துச் சுற்றிவிட்டால் முடிந்தது.

பார்க்க மகா அசிங்கம். ஆனால் வேலை செய்கிறது. பியூட்டைல் என்று அச்சடித்த டியூபாகப் பார்த்து வாங்குங்கள், இயற்கை ரப்பரைவிட அது வெயிலையும் ஓசோனையும் நன்றாகத் தாங்கும். குறை என்னவென்றால், இழுவை கொஞ்சம் சோம்பேறித்தனமானது. இழுத்துவிட்டால் சட்டென்று திரும்பாது, மெதுவாகத்தான் சுருங்கும். மேலே படகில் இறுக்கமாக இருப்பது 15 மீட்டரில் தளர்ந்துவிடுகிறது.

ஏன் தளர்கிறது என்பதில் ஸ்ட்ராப்பின் மொத்த சூட்சுமமும் இருக்கிறது. பூட்டி என்பது நியோப்ரீன், அதாவது உள்ளே ஆயிரம் காற்றுக் குமிழி வைத்த ரப்பர். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப்போல இரண்டு மடங்கு, 30 மீட்டரில் நாலு மடங்கு. குமிழிகள் அதற்கேற்ப நசுங்கும், பூட்டி மெலியும். மேலே கச்சிதமாக இருந்த ஸ்ட்ராப்புக்குக் கீழே போனதும் சில மில்லிமீட்டர் இடைவெளி வந்துவிடும். அந்த இடைவெளியைத் தானாக எடுத்துக்கொள்ளும் அளவுக்கு ஸ்ட்ராப்பில் இழுவை மிச்சம் இருக்க வேண்டும். ஸ்பிரிங் ஸ்ட்ராப்பை ஊரே மெச்சுவது மாட்டிக் கழற்றச் சுலபம் என்பதற்காக மட்டும் இல்லை, இதற்காகவும்தான். கெட்டியான பழைய ரப்பர் பட்டையில் அந்த மிச்சம் இருக்காது, கீழே போனதும் ஃபின் குதிகாலில் லொடலொட என்று ஆடும்.

லேடக்ஸ் குழாய் பற்றி ரொம்பச் சொல்ல ஒன்றுமில்லை. ரத்தம் எடுக்கும்போது கையில் கட்டுவார்களே, அந்த மஞ்சள் குழாயின் தடித்த அண்ணன். இழுவை அருமை, முதல் டைவில் இதுதான் ஜெயித்தது என்று நினைத்தேன். இரண்டு மாதத்தில் பிசுபிசு என்று ஆகிவிட்டது. வெயில் ஒரு காரணம், நான் காலில் பூசிய சன்ஸ்கிரீன் இன்னொரு காரணம். இயற்கை ரப்பருக்கு எண்ணெய் ஆகாது, ஊறிப்போய் உப்பிவிடும். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், "தேங்காய் எண்ணெய் தடவி வை, ரப்பர் வெடிக்காது" என்று என்னிடம் இதுவரை நாலு பேர் சொல்லிவிட்டார்கள், அதில் ஒருவர் என் சொந்த மாமா. தடவாதீர்கள். நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காய வைத்தாலே போதும்.

இப்போது ஸ்பிரிங். வயிற்றெரிச்சல் பகுதி.

ரெடிமேட் ஸ்பிரிங் ஸ்ட்ராப்பில் இருப்பது என்ன, நெருக்கமாகச் சுற்றிய எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) ஸ்பிரிங் ஒன்று, குதிகாலில் ஒரு ரப்பர் பட்டை, இழுக்க ஒரு வளையம். அம்பத்தூரில் இல்லாத ஸ்பிரிங் பட்டறையா என்று ஒரு சனிக்கிழமை கிளம்பிப் போனேன். நாலு ஸ்பிரிங் அடிக்க யாரும் மெஷினை ஓட்ட மாட்டார்கள். மூன்று இடத்தில் சிரித்து அனுப்பினார்கள், நாலாவது இடத்தில் ஒருவர் இரக்கப்பட்டு ஒப்புக்கொண்டார். எஸ்.எஸ். வேண்டும், கடல் தண்ணீரில் போடுவது, 316 ரகம் என்று நூறு தடவை சொன்னேன். "எல்லாம் எஸ்.எஸ்.தான் சார், காந்தம் வச்சுப் பாருங்க, ஒட்டாது" என்றார். வைத்துப் பார்த்தேன், லேசாக ஒட்டியது. "கம்பியை இழுக்கும்போது லேசா காந்தம் ஏறும் சார், அது சகஜம்" என்றார்.

அவர் சொன்னதில் பாதி நிஜம், அதுதான் வினையே. குளிர்நிலையில் இழுத்த கம்பியில் 304 ரகம் கொஞ்சம் காந்தத்தன்மை பெறும், அது தப்பான பொருள் என்று அர்த்தமில்லை. ஆனால் அதனாலேயே காந்தத்தை வைத்துக்கொண்டு 304-ஆ 316-ஆ என்று உறுதியாகக் கண்டுபிடிக்க முடியாது. இரண்டுக்கும் முக்கிய வித்தியாசம், 316-இல் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் இருக்கும். உப்புத் தண்ணீரின் குளோரைடு எஸ்.எஸ்.ஸைத் துளைத்துத் துளைத்துச் சாப்பிடுவதை ஓரளவு தடுப்பது அதுதான். வீட்டுச் சாப்பாட்டுத் தட்டுக்கு 304 ரகம் போதும், கடலுக்குப் போதாது.

நான் இன்னொரு புத்திசாலித்தனமும் செய்தேன். ஸ்பிரிங் தோலைக் கிள்ளக்கூடாதே என்று அதன் மேல் இறுக்கமாக பிளாஸ்டிக் குழாய் மாட்டி, இரு முனையையும் டேப் போட்டு அடைத்தேன். உள்ளே போன உப்புத் தண்ணீர் வெளியே வரவே இல்லை. எஸ்.எஸ். தன் மேல் ஒரு மெல்லிய ஆக்சைடு படலத்தை வைத்துக்கொண்டுதான் துருவிலிருந்து தப்பிக்கிறது, அந்தப் படலம் அடிபட்டால் மறுபடி உருவாக ஆக்சிஜன் வேண்டும். காற்றுப் போகாத ஈர இடுக்கில் அதற்கு வழியில்லை. மூன்றே வாரத்தில் குழாயின் முனையில் டீ டிகாக்ஷன் மாதிரி பழுப்பு நீர் வடிந்தது. கழற்றினால் ஸ்பிரிங் முழுக்கப் புள்ளி புள்ளியாகக் குழி. ரெடிமேட் ஸ்ட்ராப்புகளில் ஸ்பிரிங் ஏன் திறந்தோ, தண்ணீர் ஓடிப்போகிற மாதிரி தளர்ந்த உறையிலோ இருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது. 1,100 ரூபாய், ஒரு சனிக்கிழமை, பெட்ரோல். பட்டறைக்காரரைச் சண்டை பிடிக்கப் போனால், "கடல் தண்ணில போட்டா எதுதான் சார் துருப்பிடிக்காது" என்கிறார். அந்தத் தத்துவத்தோடு வாதாட முடியுமா?

சான்றிதழோடு 316 கம்பி கிடைத்து, உறையும் தளர்வாகப் போட்டால் ஸ்பிரிங்தான் ராஜா, மறுக்கவில்லை. ஆனால் அதை நாலு துண்டுக்குத் தேடி அலைகிற செலவில் ரெடிமேடே வாங்கிவிடலாம்.

கடைசியாக பஞ்சி கயிறு. முதல் முயற்சிக்கு பைக் கேரியரில் சாமான் கட்டும் எலாஸ்டிக் கயிற்றை, கொக்கியைப் பிடுங்கிவிட்டுப் போட்டேன். இரண்டாவது டைவிலேயே, சுமார் 14 மீட்டரில், வலது கால் திடீரென்று லேசாகிவிட்டது. திரும்பிப் பார்த்தால் ஃபின் மணலில் போய் உட்கார்ந்திருக்கிறது. கனத்த ரப்பர் ஃபின் என்பதால் மூழ்கியது, தப்பித்தேன், மிதக்கிற வகையாக இருந்தால் மேலே போயிருக்கும். அன்றைக்கு நீரோட்டமும் இல்லை. இருந்திருந்தால் ஒற்றைக் காலை அடித்துக்கொண்டு வட்டம் சுற்றியிருப்பேன். ஃபின்னைக் கையில் பிடித்தபடி மிச்ச டைவை முடித்தேன். கூட வந்தவர்கள் இன்றுவரை அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

கயிறு அறுந்ததா என்று பார்த்தால், இல்லை. முடிச்சு உருவிக்கொண்டு வந்திருந்தது. பஞ்சி கயிறு இழுபடும்போது மெலியும், விட்டால் பருக்கும். ஒவ்வொரு உதைக்கும் மெலிந்து பருத்து மெலிந்து பருத்து முடிச்சைத் தானே நெகிழ்த்திக்கொள்ளும். சாதாரணக் கயிற்றில் போடும் முடிச்சை நம்பி இதைப் போடக்கூடாது.

அப்போது ஜூன் தொடக்கம் ஆகிவிட்டது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் இல்லையா, காசிமேட்டில் விசைப்படகெல்லாம் கட்டிப்போட்டு வலை பழுது பார்த்துக்கொண்டிருந்தார்கள். மற்ற நாளில் அங்கே நின்று ஒரு வார்த்தை பேச முடியாது, தடைக்காலத்தில் எல்லோருக்கும் நேரம் இருக்கும். ஷாக்கிள் வாங்கப் போன கடையின் திண்ணையில் வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் என் கயிற்றைக் காட்டினேன். வாங்கிப் பார்த்து, "முடிச்சு சரிதான் தம்பி, வாலை யாரு கட்டுறது?" என்றார். முடிச்சுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வால் நுனியைப் பக்கத்துக் கயிற்றோடு சேர்த்து வைத்து, வலை பின்னுகிற நைலான் நூலால் நெருக்க நெருக்கமாக ஒரு விரல்கடை நீளத்துக்குச் சுற்றி, நூலின் நுனியை அந்தச் சுற்றுக்கு அடியிலேயே இழுத்துப் புதைத்துவிட்டார். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. காசு கொடுத்தேன், வாங்கவில்லை.

இப்போது நான் போட்டிருப்பது அந்த வகைதான். செய்முறையைச் சொல்லிவிடுகிறேன். பாரிமுனைக் கயிற்றுக் கடையில் பாலியஸ்டர் உறை போட்ட 8 மி.மீ. கயிறு வாங்கினேன். பைக் கயிற்றைவிட விலை கூடுதல், ஆனால் அறுத்துப் பார்த்தால் உள்ளே ரப்பர் இழைகள் ஒரே சீராக, நெருக்கமாக இருக்கும், பைக் கயிற்றில் வெட்டித் தள்ளிய துண்டு துணுக்கெல்லாம் இருந்தது. பூட்டியோடு காலை ஃபின்னுக்குள் விட்டு, ஒரு காதுத் துளையிலிருந்து குதிகாலைச் சுற்றி மறு காதுத் துளை வரை அளந்தேன், எனக்கு 34 செ.மீ. வந்தது. இரட்டை என்பதால் 68. அதில் கால் பங்கைக் குறைத்தால் 51, அந்தக் கால் பங்குதான் எப்போதும் இருக்கும் இழுவை. முடிச்சு மட்டுமே 30 செ.மீ. தின்னும். ஆக 81. துளையில் கயிற்றை நேராக விடவில்லை, இடுக்கில் மணல் போய் உட்கார்ந்து அரம் மாதிரி ராவிவிடும். ஒவ்வொரு துளையிலும் 5 மி.மீ. எஸ்.எஸ். ஷாக்கிள். திருகாணியின் தலை வெளிப்பக்கம் பார்க்க வேண்டும், உள்பக்கம் இருந்தால் கணுக்காலைக் கீறும். திருகாணி தானாகக் கழலாமல் இருக்க அதையும் நூல் போட்டுக் கட்டிவிடுங்கள். வெளியே நீட்டியிருப்பதில் ஏதாவது மாட்டும் என்று பயமாக இருந்தால் மேலே சைக்கிள் டியூப் துண்டு ஒன்றை உறையாகப் போடலாம். அறுத்துவிட்டுப் போன வலைகள் நம் கடலடியில் நிறையக் கிடப்பதால் நான் போட்டிருக்கிறேன்.

குதிகாலுக்கு, தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றும் ஹோஸ் பைப்பில் ஒரு சாண் துண்டு. இரண்டு கயிறும் அதற்குள் போகும், குதிகாலை அறுக்காது. அடிப்பக்கம் இரண்டு ஓட்டை போட்டுவிடுங்கள், தண்ணீர் வடியட்டும். கயிற்றை இரட்டை மீனவர் முடிச்சால் வளையமாக மூட்டி, முடிச்சு ஹோஸுக்கு வெளியே, காலின் வெளிப்பக்கம் வருகிற மாதிரி வைத்து, பெரியவர் காட்டிய மாதிரி இரு வாலையும் கட்டினேன். ஹோஸின் நடுவில் பழைய பள்ளிக்கூடப் பையின் வாரை வெட்டிக் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஒரு வளையம். ஒற்றைக் கையால் இழுத்தால் மாட்டும், ஒற்றைக் கையால் இழுத்தால் கழலும்.

இறங்குவதற்கு முன் வீட்டு வாசல் கிரில்லில் ஸ்ட்ராப்பை மாட்டி, 25 கிலோ அரிசி மூட்டையைத் தொங்கவிட்டு ஒரு ராத்திரி விட்டேன். (மூட்டை விழுந்தால் அரிசியை நான்தான் பொறுக்க வேண்டும் என்ற எழுதாத ஒப்பந்தத்தோடு.) பழைய வகைகளையும் தொங்கவிட்டுப் பார்த்தேன். சைக்கிள் டியூபில் மடிப்பு வழுக்கியது, பைக் கயிற்றில் முடிச்சு உருவியது, லேடக்ஸ் மாட்டுகிற இடத்தில் கிழிந்தது. ஒன்றுகூட நடுவில் அறவில்லை. கம்பெனி ஸ்ட்ராப்பும் பக்கிளில்தானே போனது. நான் நாலு மாதமும் எந்த ரப்பர் நல்ல ரப்பர் என்றே தேடிக்கொண்டிருந்தேன், பார்க்க வேண்டிய இடம் முனை. புதுக் கயிறு ராத்திரி முழுக்க நின்றது. காலையில் எடுத்துப் பார்த்தால் நூல் கட்டு ஒரு மில்லிமீட்டர்கூட நகரவில்லை.

அதற்குப் பிறகு 23 டைவ், இன்னும் அதே ஜோடி. உறையில் லேசாக முடி முடியாக எழும்பியிருக்கிறது, இழுவை குறையவில்லை. ஆழத்தில் தளர்வதும் இல்லை. குறை என்றால், துணி உறை தண்ணீரை வைத்துக்கொள்ளும், காயாமல் பையில் போட்டால் பை நாறும். மணலும் உறைக்குள் போகிறது, ஒரு வாளி நல்ல தண்ணீரில் அரை மணி நேரம் ஊறப்போட்டுப் பிசைந்துவிட்டால்தான் வெளியே வரும். வருஷத்துக்கு ஒரு தடவை கயிற்றை மாற்றிவிடுவேன், எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும். ஷாக்கிளை மாற்றத் தேவையில்லை. ஜோடிக்கு ஷாக்கிள் நாலு சேர்த்து 520 ரூபாய் ஆனது, அடுத்த தடவை கயிறு மட்டும் என்றால் நூற்றைம்பதுக்குள்.

ஒன்று மட்டும்: இந்த வீட்டு வைத்தியம் ஸ்ட்ராப்போடு நிற்கட்டும். மூச்சுக்காற்று வருகிற ரெகுலேட்டர் ஹோஸ், சிலிண்டர் வால்வு பக்கம் இந்தத் தைரியத்தோடு போகாதீர்கள்.

தூத்துக்குடியில் ஒரு தடவை, சங்கு குளிக்கும் ஒருவர் காலில் அலுமினியத் தட்டை ரப்பர் வாரால் கட்டிக்கொண்டு இறங்குவதைப் பார்த்திருக்கிறேன், அப்போது அந்த வாரைக் கவனிக்கத் தோன்றவில்லை. அடுத்த முறை போனால் முதலில் அவர் முனையை எப்படிக் கட்டியிருக்கிறார் என்றுதான் பார்ப்பேன்.

செய்து தரச் சொல்லி இதுவரை மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். ஆளுக்கு ஆள் கால் வேறு, பூட்டி வேறு, ஃபின்னின் காது வேறு, அதனால் விற்கிற எண்ணம் இல்லை. கயிறும் ஷாக்கிளும் வாங்கிக்கொண்டு, பூட்டியையும் ஃபின்னையும் எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வாருங்கள், வாலை நான் கட்டித் தருகிறேன். அரிசி மூட்டை இருக்கிறது.